ஃப்ரீ சீட் என்று ஒன்று கிடையாது

போன வருஷம் மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கல்வராயன் மலையிலிருந்து ஒரு போன். பேசியவர் எனக்குப் பழக்கமான ஒரு பையனின் அப்பா.

"தம்பி, ஞாயித்துக்கெழம காலேஜ்லருந்து சாருங்க வர்றாங்களாம். பையனக் கேக்குறாங்க. நீ ஒரு நட வந்துட்டுப் போறியா? நீ அதுல இருந்துட்டு வந்தவன். என்ன கேக்கணும்னே எங்களுக்குத் தெரியல."

பையனைக் கேட்கிறார்கள். பெண் கேட்டு வருவது மாதிரி.

கள்ளக்குறிச்சியில் காலை பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, வெள்ளிமலையில் இறங்கி, அங்கிருந்து பைக்கில் உள்ளே போனேன். எனக்கு முன்னாடியே அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். காலேஜ் பெயர் ஒட்டிய ஜீப். ஒருவர் அந்தக் கல்லூரியின் பிசிகல் டைரக்டர். கூட வந்தவன் அங்கே ஆடி முடித்த சீனியர். இப்போது மலை மலையாக ஏறிப் பையன்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அவன் வேலை. திண்ணையில் ஒரு பை ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருந்தன.

பையன் மலையில் இருக்கிற அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவன். கபடியில் ரைடர். குடியரசு தினப் போட்டிகளில் மாநில அளவு வரைக்கும் போய் வந்தவன். அவனிடம் கேள்விகள் இப்படிப் போயின. எடை எவ்வளவு? உயரம்? இடது பக்கம் ஏறுவியா, வலது பக்கமா? இதுக்கு முன்னாடி முட்டியில ஏதாவது அடி? சர்டிபிகேட் எல்லாம் ஒரிஜினல் இருக்கா? என்ன படிக்க ஆசை என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அந்த நேரத்தில் அதைக் கவனிக்கவில்லை, திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது.

பிறகு வாக்குறுதிகள். "எல்லாமே ஃப்ரீதான்யா. சீட் ஃப்ரீ, ஹாஸ்டல் ஃப்ரீ, சாப்பாடு ஃப்ரீ. ஷூ, கிட்டு எல்லாம் நாங்க பாத்துக்குறோம். நல்லா ஆடுனான்னா ப்ரோ கபடி, இல்லேன்னா போலீஸ், ரயில்வே. பையன மட்டும் அனுப்பி வைங்க."

அந்த அப்பா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "சார், சொன்னதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா?"

பி.டி. சார் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். இதுவரை யாரும் கேட்காததைக் கேட்டால் வருமே, அந்தச் சிரிப்பு. "ஐயா, இது நம்பிக்கையில நடக்குற காரியம். பேப்பர்லாம் எதுக்கு?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்கு நான் சொல்ல நினைக்கும் பதில்தான். பேப்பர் எதற்கென்றால், நீங்கள் கொடுப்பது தானம் கிடையாது. கூலி. கூலியை வாய் வார்த்தையில் பேசி முடித்த காலம் இந்த மலைக்கு நன்றாகத் தெரியும். 1976 வரைக்கும் கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்துத்தான் அரசாங்கம் அந்த மலையைத் தன் பொறுப்பில் எடுத்தது. வாய் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தவர்களின் பேரன்தான் அந்தத் திண்ணையில் எடை சொல்லிக்கொண்டு நின்றான்.

*

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 'ஃப்ரீ சீட்' என்பதில் காலேஜ் கொடுப்பது எவ்வளவு?

அந்தப் பையன் மலையாளி. பட்டியல் பழங்குடி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குக் கீழே. மரவள்ளியும் சாமையும் போடுகிற வீட்டில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2012-இல் வந்த அரசாணை எண் 92 என்று ஒன்று இருக்கிறது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தால்கூட, தகுதியிருந்தால் அரசு நிர்ணயித்த கட்டணத்தை அரசே ஏற்கும் என்று சொல்லும் அரசாணை. போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பில் விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்குப் பராமரிப்புத் தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். அது 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அவனுக்கு ஒரு தங்கை இருந்து அவளும் கல்லூரிக்குப் போனால், 2022-இலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் அதே 1000 ரூபாய். இன்ஜினியரிங் மாதிரியான தொழிற்கல்விக்குக் கலந்தாய்வில் போனால், 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாமே அரசின் பொறுப்பு.

இப்போது திண்ணைக்குத் திரும்பி வாருங்கள். பி.டி. சார் அடுக்கிய 'ஃப்ரீ'க்களில் முதலாவது, பெரியது, சீட். அது அவர் கொடுப்பது இல்லை. அந்தப் பையனுக்குச் சட்டப்படி ஏற்கெனவே சேர வேண்டியது. அவனுக்குச் சொந்தமானதையே எடுத்து, அவனுக்குப் பரிசாக நீட்டி, அதற்கு அவனை மூன்று வருஷம் நன்றியோடு இருக்கச் சொல்கிறார்கள். உண்மையில் காலேஜ் கையிலிருந்து போவது மெஸ் சாப்பாடு, ஒரு கட்டில், ரெண்டு ஜெர்சி, ஒரு ஷூ, போட்டிக்குப் போகும் பஸ் செலவு. இதுவும் செலவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் செலவின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

நான் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கிறது. மலையிலிருந்து என்னோடு சேர்ந்த நண்பனை ஆபீஸில் கூப்பிட்டு ஸ்காலர்ஷிப் ஃபார்மில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "நமக்குத்தான் ஃப்ரீ சீட்டாச்சே, இது எதுக்கு சார்?" என்று கேட்டான். "போடுப்பா" என்றார் கிளார்க். பிறகு அவன் பேங்க் அக்கவுண்டில் பணம் வந்தது. வந்த அன்றே எடுத்துக் கட்டச் சொன்னார்கள். அவனும் கட்டினான். கட்டிவிட்டு, ஃப்ரீ சீட்டில் படிக்கிறோம் என்று தலை குனிந்தே நடந்தான். நான் படித்த கல்லூரியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு காலேஜைத் திட்டிவிட்டு மற்றதையெல்லாம் விட்டுவிட எனக்கு விருப்பமில்லை.

சரி, காலேஜுக்கு என்ன கிடைக்கிறது? கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழுவின் அளவுகோல்களில் ஐந்தாவது, மாணவர் பற்றியது. பல்கலைக்கழக, மாநில, தேசிய அளவில் விளையாட்டில் வாங்கிய பதக்கங்களுக்கு அதில் மதிப்பெண் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்துகிறது. 2020 முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளும் நடக்கின்றன. ஒட்டுமொத்தமாக ஜெயிக்கும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை. இதெல்லாம் பெரிய இடத்து விஷயம் என்றால், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று மேலே பாருங்கள். ஜூன் மாதத்து ஃப்ளெக்ஸில் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கும் பையன்களின் முகம் இருக்கும், கீழே 'அட்மிஷன் நடைபெறுகிறது' என்று போன் நம்பர் இருக்கும். அந்த முகத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள்?

*

இந்த வியாபாரம் உலகத்திலேயே மிகப் பெரிதாக நடக்கும் இடம் அமெரிக்கா. அங்கே காலேஜ் ஃபுட்பால் என்று ஒன்று. நம் கால்பந்து இல்லை. முட்டை மாதிரியான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி மோதும் ஆட்டம். பள்ளியில் ஆடும் பதினாறு பதினேழு வயதுப் பையன்களுக்கு ஓட்டலுக்குக் கொடுப்பது மாதிரி ஸ்டார் கொடுத்து வரிசைப்படுத்துகிறார்கள். ஐந்து ஸ்டார் பையன் வீட்டுக்குப் பெரிய கோச்சே நேரில் வந்து, அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதைப் பையன் டிவி கேமரா முன்னால் அறிவிப்பான்.

ஆனால் அங்கே ஒரு தாள் இருந்தது. 1964-இல் தொடங்கி 2024 வரைக்கும் இருந்த ஒப்பந்தம். பையனும் பெற்றோரும் கையெழுத்துப் போடுவார்கள். பதிலுக்குக் குறைந்தது ஒரு கல்வியாண்டுக்கு உதவித்தொகை உறுதி. இப்போது அதன் இடத்தில் கல்லூரியின் நிதியுதவி ஒப்பந்தமே வந்துவிட்டது. அங்கே கையெழுத்து நாள் ஒரு திருவிழா. நமக்கு மே மாதத்துத் திண்ணை.

அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களிடமிருந்து கற்க வேண்டியது அவர்களுடைய ஏமாற்று வேலையைத்தான். 1955-இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி ஆட்டக்காரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டுப் போராடினார். 1957-இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் கொடுக்க முடியாது என்றது. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, அதனால் செத்தவர் தொழிலாளி இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அந்த வருஷங்களில்தான் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 'ஸ்டூடன்ட் அத்லெட்' என்ற சொல்லை எல்லா விதிகளிலும் எல்லா வாயிலும் திணித்தது. அந்த அமைப்பை நெடுங்காலம் நடத்திய வால்டர் பயர்ஸ் 1995-இல் எழுதிய புத்தகத்தில் அதை ஒப்புக்கொண்டார்: ஆட்டக்காரர்களைத் தொழிலாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த சொல் அது.

ஒரு சொல். அதை உடைக்க அவர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2021-இல்தான் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க வழி பிறந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன, ஒரு கல்லூரி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரைக்கும்.

நம்ம ஊரில் அந்த வேலையைச் செய்யும் சொல் 'ஃப்ரீ'. ஃப்ரீயாக வாங்கியவன் கேள்வி கேட்கக் கூடாது. ஃப்ரீயாகச் சாப்பிடுகிறவன் முட்டி வலிக்கிறது என்று சொல்லக் கூடாது.

*

என் நண்பன் சொன்னான்.

இரண்டாம் வருஷம், மேட்டில் பிராக்டீஸ். ரைடு போனவன் திரும்பும்போது கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் திரும்பிவிட்டது. வலது முட்டியில் தசைநார் கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன், அப்புறம் பல மாத ஓய்வு. அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது எங்கள் பி.டி. சார்தான். முதல் ஸ்கேனுக்குத் தன் பாக்கெட்டிலிருந்து காசு கொடுத்ததும் அவர்தான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அடுத்த செமஸ்டர் தொடங்கியதும் மெஸ் பில் வந்தது. அணியில் ஆடாதவர்களுக்குச் சலுகை கிடையாதாம். எங்கே எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை. எழுதாத ஒப்பந்தத்தில் ஒரு வசதி இருக்கிறது: அதில் இல்லாத விதியை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் காலேஜ் பீரோவில். அவன் அப்பா வாங்கப் போனபோது, ரெண்டு வருஷத்து ஹாஸ்டல் ஃபீஸைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அந்தக் குடும்பம் ஒரு வருஷம் மரவள்ளி விற்றால் வருவதைவிட அதிகம் அது. அவன் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். என்னைவிட நல்ல ஆட்டக்காரன், என்னைவிட நன்றாகப் படித்தவன்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே தெளிவாக அறிவித்திருக்கிறது. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுக்க வேண்டும். இது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, அவன் அப்பாவுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. தெரிந்திருந்தால் நான் பேசியிருப்பேனா?

உண்மையைச் சொல்கிறேன். பேசியிருக்க மாட்டேன். மத்திய அரசு வேலைகளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. படிவம் 1 நாட்டுக்காக ஆடியவருக்கு, 2 மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு, 3 பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு, 4 தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடியவருக்கு. எனக்கு வேண்டியது படிவம் 3. அதில் பல்கலைக்கழகம் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குக் காலேஜ் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல வேண்டும். நண்பனின் கட்டில் காலியான அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு பிராக்டீஸுக்குப் போனேன். வாய் வார்த்தை ஒப்பந்தம் நம்மை இப்படித்தான் ஆக்கும். அடிபட்டவனை வெளியே தள்ளும், அடிபடாதவனைக் கோழையாக்கும்.

*

இந்த இடத்தில் எனக்கு நானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டிய ஒரு வாதம் இருக்கிறது. "பாஸ், அந்த சீட் இல்லேன்னா அவன் காலேஜ் வாசலையே மிதிச்சிருக்க மாட்டான். நீயும்தான்." உண்மை. கபடி இல்லாவிட்டால் நான் டிகிரி முடித்திருப்பேனா தெரியாது. நல்ல மனிதர்கள் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள், செய்கிறார்கள். மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன், தயங்கிய பாட்டியிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, லேடி டோக் கல்லூரியில் சேர்த்தார். 2021-இல் ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். ரயில்வேயில் வேலையும் கிடைத்தது.

ரேவதியின் கதையை எல்லா பி.டி. சார்களும் திண்ணையில் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அந்தக் கதையில் இருப்பது ஒரு நல்ல பயிற்சியாளர். ஒரு பிள்ளையின் வாழ்க்கை, அதைக் கேட்டு வருகிறவர் நல்லவரா இல்லையா என்ற ஒற்றைத் தாயக்கட்டையில் நிற்க வேண்டுமா? நல்லவர் அடுத்த வருஷம் வேறு காலேஜுக்குப் போய்விட்டால்? எங்கள் பி.டி. சாரும் நல்லவர்தான். "இந்த வருஷம் டீம் உள்ள போகலன்னா என் வேலையே டவுட்டுடா" என்று ஒருநாள் எங்களிடம் புலம்பினார். அவருக்கும் அங்கே எழுத்தில் ஒன்றுமில்லை. நிர்வாகம் அவரை நெருக்கியது, அவர் எங்களை நெருக்கினார். எழுதி வைத்தால் அவருக்கும் அது பாதுகாப்பு.

இன்னொரு வாதம்: பேப்பர் கேட்டால் காலேஜ்காரன் பையனையே எடுக்க மாட்டான், போய்விடுவான். சில பேர் போவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். கீழே இருப்பவர்களுக்குக் கல்வராயன் மலை எப்போது ஞாபகம் வருகிறது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கப்புறம்தான் இந்த மலை மக்களின் நிலைமை பற்றி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பஸ் என்று எதற்கும் ஏறி வராதவர்கள், மே மாத வெயிலில் டீசல் போட்டுக்கொண்டு ஒரு பையனின் காலைத் தேடி ஏறி வருகிறார்கள். தேவை அவர்களுக்கு. ஏறி வந்தவன் ஒரு தாளில் கையெழுத்துப் போட முடியாதா?

எழுத்தில் நடத்துவது தமிழ்நாட்டில் முடியாத காரியமும் இல்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. எந்தச் சான்றிதழுக்கு எத்தனை மதிப்பெண் என்று வெளியிடுகிறார்கள், தரவரிசைப் பட்டியல் போடுகிறார்கள், வரிசைப்படி கூப்பிடுகிறார்கள். குறை இருக்கும். ஆனால் வரிசையில் நிற்கிறவன் யாருக்கும் கடன்பட்டவன் இல்லை. அரசு கலைக் கல்லூரிகளிலும் விளையாட்டுக்குச் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலில் நடக்கிறது. கள்ளக்குறிச்சியிலேயே அரசு கல்லூரி இருக்கிறது. என்ன குறை என்றால், அங்கே மேட் கிடையாது, ஹாஸ்டல் சாப்பாட்டில் முட்டைக்கு மேல் எதுவும் எதிர்பார்க்க முடியாது, ஆட்டக்காரனைக் கவனிக்க ஆளும் போதாது. பள்ளி மாணவர்களுக்கு விளையாட்டு விடுதி நடத்தும் அரசு, பதினெட்டு வயதானதும் பெரும்பாலானவர்களை இந்த ஜீப்புகளின் கையில் விட்டுவிடுகிறது.

*

அப்படியானால் என்ன வேண்டும்? நான் கேட்பது ஒரு பக்கத் தாள். தமிழில். முதல்வர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து, பள்ளித் தலைமையாசிரியர் சாட்சி. ஒரு நகல் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம்.

அதில் என்ன இருக்க வேண்டும்? எந்தப் படிப்பு என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும்; காலியாக இருக்கிற சீட்டில் கொண்டுபோய் உட்கார வைக்கக் கூடாது. நான் கேட்டது பி.காம்., உட்கார்ந்தது வேறெங்கோ. எந்தெந்தச் செலவு காலேஜுடையது, எந்தெந்தச் செலவு அரசுடையது என்று தனித்தனியாக எழுத வேண்டும். அரசுப் பணத்தை காலேஜ் தன் தானமாகக் காட்டக் கூடாது. ஆடும்போது அடிபட்டால் வைத்தியச் செலவு கல்லூரியுடையது, ஆட முடிந்தாலும் முடியாவிட்டாலும் டிகிரி முடியும் வரை சீட்டும் சாப்பாடும் நிற்கக் கூடாது. அசல் சான்றிதழ்கள் சேர்ந்த அன்றே கைக்கு வந்துவிட வேண்டும். பாதியில் போனால் பழைய பாக்கி என்று எதுவும் கேட்கக் கூடாது. பெண் பிள்ளைகள் என்றால் விடுதிப் பொறுப்பாளர் யார், வெளியூர்ப் போட்டிக்குக் கூடப் போகும் பெண் ஆசிரியர் யார், புகார் யாரிடம் கொடுப்பது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மலையில் ஓர் அம்மா கேட்கும் முதல் கேள்வியே அதுதான், அதற்குத்தான் யாரும் பதில் சொல்வதில்லை.

இதில் எதுவும் பெரிய புரட்சி இல்லை. ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டை விற்றால் சீட்டு போட்டுக் கொடுக்கிறார்கள்.

இதை வாசிக்கிற உங்களில் நிறையப் பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள் என்று நினைக்கிறேன். 'பைசன்' பார்த்துவிட்டு ஸ்டேட்டஸ் போட்டீர்கள். மணத்தி கணேசன் 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கியதும் அடுத்த ஆண்டுக்கான அர்ஜுனா விருது வாங்கியதும் அப்போதுதான் பல பேருக்குத் தெரிந்தது. அதே மாதம் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி ஜெயித்தபோது கண்ணகி நகர் கார்த்திகாவுக்காகக் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஆனால் உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருப்பான். காலை அஞ்சு மணிக்கே கிரவுண்டுக்குப் போய்விட்டு வந்தவன். அட்டெண்டன்ஸ் மட்டும் அவனுக்கு எப்படியோ வந்துவிடும். 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்று நீங்கள் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வீர்கள். அவனிடம் ஒருநாள் கேளுங்கள்: "மச்சி, உன் ஒரிஜினல் மார்க் ஷீட் யார்கிட்ட இருக்கு?" நான் என் நண்பனுக்காகக் கேட்காமல் விட்ட கேள்வி அது.

*

அந்தத் திண்ணையில் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

பி.டி. சார் சிரித்து முடித்ததும் அந்த அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "சார், நம்பிக்கை இருக்கு. அத அப்படியே எழுதிக் குடுத்துடுங்க." சீனியர் பையன் என்னை முறைத்தான். பி.டி. சார் மேனேஜ்மென்ட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். "எழுதி எடுத்துட்டு வாங்க சார், சோறு ஆக்கி வெக்கிறோம்" என்றார் அந்த அப்பா. ஜீப் போனது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் திண்ணையிலேயே இருந்தன.

அவர்கள் திரும்பி வரவில்லை. ரெண்டு நாள் கழித்துப் பக்கத்து ஊரிலிருந்து வேறொரு பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டில் யாரும் பேப்பர் கேட்கவில்லை.

நான் போன வீட்டுப் பையன் கள்ளக்குறிச்சி அரசு கல்லூரியில் சேர்ந்தான். அவன் கேட்ட பாடமே கிடைத்தது. சாயங்காலம் மண் தரையில் ஆடுகிறான். மார்க் ஷீட் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. மூன்று மாதம் அவன் என்னிடம் பேசவில்லை. பக்கத்து ஊர்ப் பையன் மேட்டில் நிற்கும் போட்டோவை போனில் பார்த்துக்கொண்டே இருந்தானாம். அவன் கோபம் நியாயமானது. அவனுக்கு வர இருந்த ஒரு வாய்ப்பை நான் கெடுத்திருக்கலாம். அந்த வாய்ப்பு அவனை ரேவதியைப் போல ஆக்கியிருக்குமா, என் நண்பனைப் போல ஆக்கியிருக்குமா, எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றில் பதினேழு வயதுப் பையனைச் சூதாட விடக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஒரு வீடு கேட்டால் ஜீப் அடுத்த வீட்டுக்குப் போகும். மலையில் எல்லா வீடும் கேட்டால் எங்கே போகும்? இந்த மே மாதமும் ஏறி வருவார்கள். அதற்கு முன்னால் அந்த ஒரு பக்கத் தாளை எழுதி, நகல் எடுத்து, மலையில் இருக்கிற பள்ளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். முதல் நகல் பக்கத்து ஊருக்கு. பையன் போய்விட்டான்தான், அவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான்.